யாரும் அழைக்காத ஆறு பேர்

அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு கோழி இறைச்சி ஆலையில், கறுப்பினப் பெண்ணான வெர்லீன் டோலிவர் பத்தொன்பது வருடம் கத்தி பிடித்தாள். காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் ஊறவைத்த பிறகுதான் சட்டைப் பொத்தானைப் போட முடியும். மேற்பார்வையாளர் வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் அது வெள்ளைக்கார இளைஞர்களுக்கே போனது. மூவருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

மூன்றாமவன் டிராவிஸ், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழச் சொன்னான்: "உங்க ஆளுங்க வேலை செய்யத்தான் லாயக்கு. வேலை வாங்க இல்ல."

அதை அவளால் விழுங்க முடியவில்லை. அரசின் சம உரிமை அலுவலகத்துக்குப் பதினோரு பக்கம் தன் கையால் எழுதினாள். டிராவிஸ் சொன்னதைக் காதால் கேட்ட ஆறு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கடைசியில் இருந்தன.

எட்டு மாதம் கழித்து ஹாஸ்கெட் என்ற விசாரணை அதிகாரி ஆலைக்கு வந்தார். வெர்லீனுக்குப் பக்கத்தில் நின்று வெட்டும் ஐடெல்லா ஓடிவந்தாள். ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

"மிஸ் வெர்லீன், அந்த மனுஷன் மேனேஜரோட உக்காந்து வறுத்த கோழி திங்கறாரு. நம்ம வெட்டினதுதான்!"

"தின்னட்டும்டி. வயிறு நெறஞ்சா காது நல்லா கேக்கும்."

இந்த விஷயத்தில் வெர்லீன் சிரித்தது அதோடு சரி.

மேலாளரின் அறையிலேயே அவளை விசாரித்தார் ஹாஸ்கெட். மேலாளர் வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தலாமா சார்?"

"எதுக்கு? ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு, வெர்லீன்?" மேலாளர் அவருக்கு மிஸ்டர் கார்வர். இவள் வெறும் வெர்லீன்.

"நான் எழுதிக் குடுத்த ஆறு பேரை எப்ப கேப்பீங்க?"

"தேவைப்பட்டா கூப்பிடுவேன்."

மேலாளர் அனுப்பிய மூன்று பேரை மட்டும் கேட்டுவிட்டு ஹாஸ்கெட் போனார். ஐடெல்லா பல வாரம் தொலைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துக்கொண்டு போனாள். அது ஒலிக்கவேயில்லை.

பிறகு வெர்லீனுக்குக் கடிதம் வந்தது. 'புகார்தாரர் சாட்சி எவரையும் தரவில்லை. புகார் முடிக்கப்பட்டது.' தபால் பெட்டி அருகில் நின்றபடியே மூன்று முறை படித்தாள். நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதானால் தொண்ணூறு நாளுக்குள் போட வேண்டும் என்று கீழே இருந்தது. அதே வாரம் ஆலையில் அவளை இறைச்சியை உறையவைக்கும் குளிர் அறைக்கு மாற்றினார்கள்.

மூன்று மணி நேரம் பேருந்தில், அந்த அலுவலகம் இருக்கும் ஜாக்சன் நகருக்குப் போய்த் தன் கோப்பைக் கேட்டு வாங்கினாள். பதினோரு பக்கத்தில் இரண்டுதான் இருந்தன. ஆறு பேரின் பட்டியல் பின்னால் குத்தப்பட்டிருந்தது. அதன்மேல் ஹாஸ்கெட்டின் கையெழுத்தில், 'அழைக்கத் தேவையில்லை.' தேதியைப் பார்த்தாள். அவர் ஆலைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு.

அந்தத் தேதியை விரலால் காட்டினாள். மேசைக்குப் பின்னால் இருந்த கறுப்பினப் பெண், "மறுபரிசீலனைக்கு எழுதுங்கம்மா," என்றாள்.

"யாரு பாப்பாங்க?"

அந்தப் பெண் தலைகுனிந்தாள். "அதே அதிகாரிதாம்மா."

"அவரு செஞ்சதை அவரேவா?"

எழுதினாள். முடிவில் மாற்றமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு வழக்கறிஞர்களைப் பார்த்தாள். "அரசாங்கமே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட பிறகு நான் என்னம்மா செய்ய?" என்றார்கள் இருவரும்.

தொண்ணூறாவது நாள் விடுப்புக் கேட்டாள். டிராவிஸ் கொடுக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கையுறையைக் கழற்றினாள்.

"போனா வேலை போயிடும் மிஸ் வெர்லீன்," ஐடெல்லா வாசல்வரை ஓடிவந்து அழுதாள்.

"இருந்தா நான் போயிடுவேன்டி."

நீதிமன்றம் மூடப் பத்து நிமிடம் இருக்கையில், விறைத்த விரல்களால் தானே நிரப்பிய மனுவைக் கொடுத்தாள். ஒரு வழக்கு எண் போட்டுத் தந்தார்கள். மறுநாள் ஆலை வாசலில் அவளுடைய நுழைவு அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. வழக்கு இன்னும் விசாரணைக்கு அழைக்கப்படவில்லை. வழக்கறிஞர் என்று அவளுக்கு யாரும் இல்லை. ஆறு பேரில் ஒருவர் இதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் டிராவிஸுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.