காலரில் கொட்டிய டீ

ஒரு துணியைப் பார்த்தால் அதன் நிறமோ விலையோ என் மனைவியின் கண்ணில் படாது, கறைதான் படும். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் பல வருடமாக வேலை பார்க்கிறவள். பேருந்தில் முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்து, "துரு. எலுமிச்சம்பழத்துக்குப் போயிடும்" என்று என் காதில் சொல்வாள். அவர் திரும்பினால் அசடு வழிய வேண்டியது நான்.

அவளுக்கு, ஹோட்டல் வேலை முடிந்து வந்து மாலையில் சொந்தமாகக் கறை நீக்கும் கடை போட வேண்டும் என்று ஆசை வந்தது. கறையை எடுத்துப் பழக வேண்டுமானால் முதலில் கறை வேண்டுமே. என் பனியன்களில் மை தெளித்தாள். கைக்குட்டைகளில் சைக்கிள் சங்கிலி மசகைத் தடவினாள். "கறைன்னா நல்லா ஊறணும், அப்பதான் நிஜம்" என்று எல்லாவற்றையும் கொடியில் தொங்கவிட்டாள். ஊர் உலகத்தில் துணியை அழுக்காக்கிக் காயப்போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

அப்புறம் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். அங்கேதான் எனக்கும் சுவாரசியம் பிடித்தது. கறையைப் பற்றி யாரும் லேசில் உண்மை சொல்வதில்லை. எதிர்வீட்டு டிரைவர் தன் வீட்டம்மாவோடு வந்து ஒரு சட்டையை நீட்டி, "மருந்து கொட்டிடுச்சும்மா" என்றார். நான் மோந்து பார்த்தேன். சாக்லேட். டாக்டர் அவரை இனிப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது தெருவுக்கே தெரியும். வாயைத் திறந்தேன். என் மனைவி என் காலை மிதித்தாள்.

"மருந்துதான். எடுத்துடலாம்ண்ணா" என்றாள். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவங்க வீட்டுச் சண்டைய நாம ஏன் விலைக்கு வாங்கணும்? இனிமே துணி விஷயத்துல நீங்க மூக்க நுழைக்காதீங்க."

கடைக்கு இடம் வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்தாற்போல் ஓர் அறை இருந்தது. குழாயும் தண்ணீர் போக வழியும் உள்ள அறை. அது என் அண்ணனுடையது. உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். வெளியில் வாடகைக்கு எடுக்க எங்களால் ஆகாது. அவர் மனசு வைத்தால் கடை, இல்லாவிட்டால் காலம் முழுக்க ஹோட்டல் சலவைதான்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாமல் மாடியில் தனியாக இருப்பவர், ஜவுளிக்கடையில் மேலாளர். அறுபதை நெருங்கியும் தலையில் ஒரு நரை கிடையாது. எனக்கோ முப்பதிலேயே வெளுத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, "கவலைப்படுறவனுக்குத்தான்டா நரைக்கும்" என்பார்.

அறையைக் கேட்டபோது, விலை உயர்ந்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இத சுத்தமாக்கிக் காட்டும்மா. சாவியத் தர்றேன்."

"என்ன கறை மாமா?"

"டீ."

கறை இருந்தது காலரின் உள்பக்கம், பின்கழுத்தில். அண்ணன் எந்த வழியாக டீ குடிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவளும் சட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். தெருவில் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்கிறவள்தான், ஆனால் புருஷனின் அண்ணன் சொன்ன பிறகு எதிர்க்கேள்வி கேட்பாளா? "சரிங்க மாமா" என்று வாங்கிக்கொண்டாள்.

டீக் கறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். கொதிக்கும் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினாள். லேசான பழுப்பாக இருந்தது சூடு பட்டதும் கருத்து, துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குனிந்து மோந்து பார்த்தவள் அப்படியே வாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"என் தப்பு" என்றாள். அதற்கு மேல் நான் கிண்டிக் கேட்க, சட்டையைப் பிழிந்து உதறினாள்.

சட்டையை அவளே மாடிக்கு எடுத்துப்போனாள். நான் படியில் நின்றேன். அண்ணனோடு அவர் கடைக் கணக்குப்பிள்ளையும் இருந்தார்.

"தப்பாப் பண்ணிட்டேன் மாமா. இது இனிமே போகாது."

"ஒரு டீக் கறைய எடுக்கத் தெரியல, கடை வைக்கப் போறாளாம்" என்றார் அண்ணன். கணக்குப்பிள்ளை சிரித்தார். அவள் தலையைக் குனிந்தபடி இறங்கி வந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை கறைய எடுத்திருக்க, வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று அவளிடமே கத்தினேன். அவள் கறை எடுக்கிற மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடிப் பரணில் ஏற்றினாள். அந்த வாரம் முழுக்கக் கொடியில் ஒரு கறைகூட இல்லை. சுத்தமான பனியனைப் போட்டுக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இறங்கி வந்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையப் பத்தி உன் பொண்டாட்டி என்ன சொன்னா?"

"தன் தப்புன்னா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லயே."

"உன்கிட்டகூடச் சொல்லலயா?"

"எதைண்ணே?"

அண்ணன் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் சாவியும் ஒரு கையில் துணிப்பையும் இருந்தன. அதற்குள் அவள் தலையைத் துவட்டியபடி வந்துவிட்டாள். அண்ணன் பையை அவள் முன்னால் வைத்தார். உள்ளே தலையணை உறைகள். ஒவ்வொன்றிலும் நடுவில் கருப்பாக ஒரு வட்டம்.

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த முறை அவரை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள்.

"என்ன கறை மாமா?"

அண்ணன் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தலைக்குப் போடற சாயம்மா" என்றார். "ரொம்ப வருஷமாப் போடறேன். அந்தச் சட்டையும் அதேதான்."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. இத்தனை நாள் வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்திருப்பேன். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இதுக்கெல்லாம் சூடு காட்டலயே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப பாக்கலாம் மாமா" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.