இடது ஓரத்தில் என் பெயர்

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவருக்குக் கொடுக்கும் முதல் வேலை, மற்றவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் இடைவெளிகளைச் சரிசெய்வது. வரிகள் ஒரே சீராக உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அர்த்தத்தில் கை வைக்கக் கூடாது. புதிதாக வந்த மருமகளிடம் விளக்குமாற்றைக் கொடுப்பது போன்ற வேலைதான். ஆனாலும் மற்றவர்கள் இரண்டு மாதம் இழுக்கிற வேலையை நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மழையிலும் புயலிலும் செல்போன் டவர் படுத்துவிட்டால் ஊர்கள் ஊமையாகிவிடும். அப்போது பயன்படுவதற்காக நாங்கள் சின்ன ரேடியோப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதினோம். கூரையில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு சோலார் தகடு. தெருவில் இருப்பவர்கள் தங்கள் போனிலிருந்து பெட்டிக்குச் செய்தி அனுப்பலாம். பெட்டி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்கு. கடைசிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். அவர் வண்டிக்கும் உதவிக்கும் ஏற்பாடு செய்வார். நாங்கள் எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் கப்பலூரில் ஒரு சின்ன தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் இறங்கி, பூக்கூடைகளுக்கு நடுவே நடந்து, குழுவைத் தொடங்கியவரின் வீட்டு மாடிக்குப் போவேன். அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நன்றாகப் பேசுவார். எங்கள் நிரலில் பாதிக்கு மேல் அவர் எழுதியது.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என் ரேங்க் கார்டுக்காகத்தான், நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது. எழுத்தில் இருக்கும் பெயர் எங்கள் வீட்டில் சாதாரண விஷயமில்லை. நான் இடைவெளி சரிசெய்த வரிகளுக்கெல்லாம் பக்கத்தில், திரையின் இடது ஓரத்தில், என் பெயர் வந்திருந்தது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அங்கே காட்டும். ஒருநாள் அதைப் போனில் அப்பாவுக்குக் காட்டினேன். "இம்புட்டும் ஓம் பேரா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்த வேலையின்போதுதான் டிக் வரும் வரியைப் பார்த்தேன். செய்தி அனுப்பியதும் போனில் பச்சை டிக் ஒன்று வரும். கடைசியில் இருக்கும் ஆள் பார்த்த பிறகுதான் அது வருகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பக்கத்துப் பெட்டி வாங்கிக்கொண்டதுமே வந்துவிடும்.

"அண்ணே, கடைசி ஆள் பாத்தாரான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"டெமோ காட்டும்போது டிக் வர லேட்டானா எவன்மா நம்புவான்? பக்கத்துப் பெட்டி வாங்கிருச்சுன்னா மிச்சம் அது பாட்டுக்குப் போயிரும். ஆனா நல்ல கேள்வி. பட்டியல்ல எழுதி வையி, அப்புறம் பாத்துக்குவோம்."

எழுதி வைத்தேன். பிறகு நானும் அதை மறந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான் மறக்கவில்லை.

எழுமலைப் பக்கத்தில், கண்மாய்க்குக் கீழே இருக்கிறது எங்கள் தெரு. அங்கே ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் நான். எங்கள் வீட்டுக் கூரையில் அப்பா குழாயை நட்டு, கம்பியை இறுக்கிக் கட்டினார். அடுத்த பெட்டி அரிசி ஆலை மேல். அதற்கடுத்தது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில். கடைசிப் பெட்டி உசிலம்பட்டியில். தெரு முழுக்கக் கூடி நின்றது. பக்கத்து வீட்டு அத்தையின் போனில் ஒரு செய்தி தட்டி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் பச்சை டிக்.

"இது விழுந்தா என்னத்தா அர்த்தம்?" என்று அத்தை கேட்டார்.

கூட்டத்தில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆள் வாராங்கன்னு அர்த்தம் அத்த" என்றேன்.

ஐப்பசி மழை அந்த வருடம் நான்கு நாள் வெயில் காட்டாமல் பெய்தது. ஐந்தாம் நாள் மதியம் கண்மாய் நிறைந்து, கரையைத் தாண்டித் தண்ணீர் தெருவுக்குள் இறங்கியது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நான் கப்பலூரில் இருந்தேன். வீட்டுக்குப் போன் போகவில்லை. உசிலம்பட்டிப் பெட்டிக்கு எங்கள் தெருவிலிருந்து எதுவும் வரவில்லை என்று அங்கிருந்தவர் சொன்னார். செய்தி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று எண்ணி வேலையைப் பார்த்தேன். மாலையில் டீகூடக் குடித்தேன்.

தெருவில் இருந்தவர்கள் அத்தையின் போனிலிருந்து மூன்று தடவை அனுப்பியிருந்தார்கள். தண்ணி உள்ள வருது, வண்டி வேணும். மூன்றுக்கும் டிக் விழுந்தது. அரிசி ஆலைப் பெட்டி வாங்கிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிப் பெட்டி வெயில் இல்லாமல் முந்தைய நாளே செத்திருந்தது. செய்தி ஆலைக் கூரையிலேயே நின்றுவிட்டது.

சிலர் அப்போதே மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பலாம் என்றார்களாம். அப்பாதான் தடுத்திருக்கிறார். "எம் மக செஞ்ச பெட்டி. டிக்கு விழுந்துருச்சுல்ல? வண்டி வந்துரும், பதறாதீக."

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனார்கள். ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். தொழுவத்தில் கட்டியிருந்த அத்தையின் நான்கு ஆடுகளும் போய்விட்டன. முதலிலேயே கிளம்பியிருந்தால் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் நான் போய்ச் சேர முடிந்தது. அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சேறு அள்ளிக்கொண்டிருந்த அப்பாவிடம்தான் பேசினார். "ஒம் மக வண்டி இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு போலண்ணே."

டீக்கடையில் அது வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. ஒருவன், "மாப்ள, டீ சொல்லிட்டியா?" என்பான். மற்றவன், "டிக்கு விழுந்துருச்சு மாப்ள, வந்துரும்" என்பான். சிரிப்பார்கள். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பெட்டியைக் கழற்றி, உரச்சாக்கில் சுற்றி, பரணில் போட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம். எது பழுதானாலும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், யாருடைய தவறு என்று பேச மாட்டோம். எங்கள் குழுவின் பழக்கம் அது. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அண்ணன் இதைப் பெருமையாகச் சொல்வார். அன்றும், "பேரு எதுவும் பேச வேண்டாம்ப்பா. லைனை மட்டும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார். டிக் வரும் வரி. அதன் இடது ஓரத்தில் என் பெயர். மேலும் கீழும் வரிக்கு வரி என் பெயர்தான். எல்லோரும் படித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டது போலக் குனிந்துகொண்டார்.

அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அண்ணன் கையிலிருந்து மவுஸை வாங்கினேன். கடைசியாகத் தொட்டவருக்கு முன்னால் தொட்டவர் யார் என்றும் பார்க்க முடியும், ஒரு படி பின்னால் போனால் போதும். போனேன். என் பெயர் மறைந்து அவர் பெயர் வந்தது.

"நான் சரிபண்ணது இடைவெளி மட்டும்தாண்ணே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அட, நான் எழுதுனதுதான்மா, இல்லேங்கலையே. ஆனா கடைசியாத் தொட்டது நீதான? தொட்டப்ப பாத்திருக்கலாம்ல?"

"பாத்தேன்ணே. ஒங்ககிட்டயே கேட்டேன். எழுதி வையின்னு சொன்னீக."

"அதனாலதான்மா சொல்றேன், பேரு பேச வேண்டாம்னு."

மாடியில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிறகு டீ வந்தது. அறிக்கையில் 'வடிவமைப்பில் ஒரு சிறு போதாமை' என்று எழுதினார்கள். ஆடுகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கொஞ்ச தூரம் வரை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன். கப்பலூர் வருவதற்குள் அந்த நினைப்பு கெட்டுவிட்டது. அந்த வரி அவருடையது என்று காட்டிவிட்டேன், சரி. ஆள் வாராங்கன்னு அர்த்தம் அத்த என்றது யார்? அது எந்தப் பக்கத்தின் இடது ஓரத்திலும் பதிவாகவில்லை. அண்ணன் யாரோ சில அதிகாரிகளுக்கு டெமோ காட்ட அப்படி எழுதினார். நான் என் தெருவுக்கு டெமோ காட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக.

அந்த வாரமே வரியை மாற்றி எழுதினேன். கடைசியில் இருக்கும் ஆள் பார்த்துவிட்டுத் தன் கையால் அழுத்தினால்தான் டிக் வரும். அண்ணனுக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு மெதுவாகத் தெரியும், யோசிப்போம் என்று பதில் போட்டார். இன்னும் யோசிக்கிறார். என் பிரதியை நானே எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. போகிற வழியில் உசிலம்பட்டி, தொட்டி, ஆலைப் பெட்டிகளிலும் அதைப் போட்டேன்.

அப்பா பரணிலிருந்து பெட்டியை எடுத்துத் தந்தார். எதற்கு என்று கேட்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதிலும் புது நிரலைப் போட்டு, நான் கூரையேறிக் கட்டினேன். கூப்பிடாமலேயே அத்தை வந்து வாசலில் நின்றார். என் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன். டிக் வரவில்லை. உசிலம்பட்டியில் இருப்பவர் சாப்பிடப் போயிருக்கலாம்.

"என்னத்தா, விழலையா?"

"வரும் அத்த."

"ஒங்க அப்பனும் அப்படித்தான் சொன்னாரு."

கூரையிலிருந்து இறங்கி அத்தை முன்னால் நின்று சொன்னேன். "வராமலும் போகும். டிக்கு விழலேன்னா யாரும் பாக்கலேன்னு அர்த்தம். யாரையும் நம்பி நிக்காதீக, ஆடு மாடு இருந்தா அவுத்துக்கிட்டுக் கெளம்பிருங்க. அன்னைக்கு விழுந்தது சும்மா. பக்கத்துப் பெட்டி வாங்குனாலே விழுந்துரும்."

அத்தை ஒரு எட்டு கிட்டே வந்தார். "இது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெருவில் யாருக்கும் நிரல் படிக்கத் தெரியாது.

"தெரியும் அத்த."

அவர் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அப்பா இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், மேலே யாரும் இல்லாதபோதும். பிறகு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். என் கையில் இருந்த போனில் டிக் விழுந்தது. கூப்பிட்டுக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.