இஞ்சி போடாத தட்டு

என் தங்கை சபீனா, கணவன் விட்டுப்போன பிறகு தனியாக நின்று குடும்பத்தைத் தாங்கினாள். ஓட்டமாவடியில் எங்கள் ஓலைக்குடிசை இருந்த இடத்தில் கல்வீடு கட்டினாள். குவைத்தில், சம்பளம் தராத வீட்டிலிருந்து தப்பி வந்து மரியாதையான வீடொன்றில் வேலை தேடிக்கொண்டாள். அரபு பேசப் பழகினாள். எல்லாவற்றுக்கும் பெருவிரல் அடையாளம்தான் வைத்தாள். அவள் படிக்கவேண்டிய வயதில் யுத்தத்தால் ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருந்த நாட்கள் குறைவு. மூத்தவளான நான் அதற்கு முன்பே எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன்.

மகள் ஸாதியாவை மட்டும் அவளால் வெல்ல முடியவில்லை. மூன்று வயதில் அவளை என்னிடம் விட்டுக் குவைத்துக்குப் போனாள். பிள்ளைக்குப் பதினான்கு வயதானபோதுதான் திரும்பி வந்தாள்.

குவைத் வீட்டில் உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட் எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி, கொஞ்சம் எண்ணெயும் தட்டிய இஞ்சியும் ரோஸ்மேரி என்ற இலையும் பிரட்டி ‘அவன்’ என்ற மின்னடுப்பில் சுடுவாளாம். தட்டை வெளியே எடுத்ததும் ஃபோனில் மகளுக்குக் காட்டுவாள். சின்ன வயதில் ஸாதியா, “எனக்கும் தாங்க உம்மா” என்று திரையைத் தொடுவாள். வளர்ந்த பிறகு ஃபோனுக்கே வரமாட்டாள். வந்து இறங்கிய தாயையும் ‘குவைத்தும்மா’ என்றுதான் பிறரிடம் சொன்னாள். நேரில் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்தத் தட்டை மகளுக்குத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்பதே சபீனாவின் ஆசை. எங்கள் வீட்டில் அந்த மின்னடுப்பு இல்லை. பெருநாளைக்குக் கேக் சுட நாங்கள் பக்கீர் காக்காவின் பேக்கரிக்குத்தான் போவோம். பாண் ரொட்டி இறக்கிய பின்னும் போறணை அடுப்பில் சூடு இருக்கும். அவளும் ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு போனாள்.

“என்ன புள்ள, கேக் தட்டுல கிழங்கு? மாவு விலை கூடிட்டெண்டா?”

“உங்கட பாணை விட இது ஒடம்புக்கு நல்லம் காக்கா.”

“என்ட போறணையிலயே நிண்டு என்ட பாணையா பழிக்கிறாய்!”

சர்க்கரைவள்ளியான வத்தாளங்கிழங்கு, மரவள்ளி, கரட். ரோஸ்மேரிக்குப் பதிலாகக் கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும். குவைத் வீட்டுப் பழக்கத்தில் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தாள்.

ஸாதியா முகர்ந்து பார்த்தாள். “மரவள்ளியோட இஞ்சியா? நஞ்செண்டு தெரியாதா? பெரியம்மா ஒருநாளும் இப்பிடிச் செய்யமாட்டா.”

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விலக்கு அது. சபீனா தட்டோடு பின்வளவுக்குப் போனாள். கோழி கொத்தாதபடி ஆழமாகக் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தாள்.

“அங்க மரவள்ளி இல்ல ராத்தா. அதான் மறந்திட்டன்” என்றாள். “ஊரையும் மறந்திட்டன் போல.”

அடுத்த வெள்ளி இஞ்சி இல்லாமல் சுட்டு வந்தாள். மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸாதியா வத்தாளங்கிழங்கின் கருகிய மூலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

“ஃபோன்ல காட்டுவீங்களே, இதா அது?”

“ஓம் மகள்.”

“நீங்க ஃபோன வெச்ச பொறகு நான் அழுவன்.”

“எனக்கு அது தெரியா மகள். நான் குசினிக் கதவச் சாத்திட்டு அழுவன்.”

ஸாதியா மறுபடி தட்டில் கை வைத்தாள். “கரிஞ்சதெல்லாம் எனக்குத்தான், உம்மா” என்றாள்.

தவணை முடிவில் பிள்ளை பள்ளிக்கூட றிப்போட் கொண்டு வந்தாள். பெற்றோர் கையொப்பம் வழக்கமாக நான் வைப்பதுதான். பேனாவைத் திறந்தேன்.

“பெரியம்மா, இந்த முறை உம்மா வைக்கட்டும்.”

“எனக்கு எழுத வராதே மகள்.”

“மூணு எழுத்துத்தானே? வாங்க, காட்டித் தாறன்.”

பழைய கொப்பி ஒன்றின் பக்கங்கள் நிறையும்வரை தாயும் மகளும் குனிந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பேனா இல்லாத கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

றிப்போட்டில் ‘பீ’யின் சுழி கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. பக்கத்தில் திகதியை ஸாதியா எழுதினாள்: 2024 ஆகஸ்ட் 14.