தாகம் என்று ஒரு படம்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கும் உஷாந்திக்குச் சிறுநீரகங்கள் கைவிட்டு மூன்று வருடமாகிறது. வயது நாற்பத்து நாலு. திங்களும் வியாழனும் தங்கை மிதுனா அவளை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் தண்ணீர்தான். தேத்தண்ணியும் சொதியும் அதற்குள் அடக்கம். மிதுனாவின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணன் தான் தருவதாகச் சொல்லியிருந்தான்.

பக்கத்துக் கட்டில் பஸீஹா கொட்டாஞ்சேனைக்காரி. நோயாளிகளின் வட்ஸ்அப் குழுவைக் கலகலப்பாக வைத்திருப்பவள் அவள்தான். ஒருநாள் அதில் ஒரு போட்டியை அறிவித்தாள். ஆட்கள் இருக்கக்கூடாது, பொருட்களை மட்டும் அடுக்கிப் போனில் ஒரு படம் எடுக்கவேண்டும். தலைப்பு தாகம்.

"பரிசெல்லாம் இல்ல, சும்மா ஒரு சந்தோஷத்துக்கு" என்றாள்.

உஷாந்தியை அது பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை பின்னேரம் காலி வீதிக்கு இறங்கினாள். "அய்யே, ஹொந்த எகக் தென்ன" என்று சிங்களத்தில் கேட்டு, நல்ல தம்பிலி ஒன்றாகப் பார்த்து வாங்கினாள். அந்தச் செவ்விளநீர் அவளுக்கு விலக்கப்பட்டது என்பது கடைக்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

கடல் பக்க ஜன்னலோரம் மேசையை இழுத்து, பின்னால் தன் கறுப்புச் சேலையைத் தொங்கவிட்டாள். காயின் செம்மஞ்சள் பளிச்சென்று எடுபட்டது. ஆனால் இளநீரை ஊற்றிய கண்ணாடிக் குவளைதான் சரிவரவில்லை. வெளியே நீர் முத்துக்கள் பூத்திருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிரிட்ஜில் வைத்து எடுத்து ஓடிவருவாள். படம் பிடிப்பதற்குள் முத்துக்கள் வழிந்துவிடும். ஒருமுறை கரையோர ரயில் போன அதிர்வில் எல்லாம் ஆடிப்போயிற்று. வெயில் சாயும் நேரத்தில்தான் ஒரு படம் வாய்த்தது. பார்த்தவுடன் தொண்டை வறண்டது. குழுவில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். குவளை நிறைந்தபடி நின்றது.

செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம், இரத்தத்தில் அது கூடினால் இதயம் நின்றுபோகும் என்று வகுப்பில் எத்தனை தரம் படிப்பித்திருப்பாள். ஒரு வாய் என்றுதான் எடுத்தாள். குவளை முடிந்தது. காய்க்குள் மிஞ்சியதையும் அண்ணாந்து குடித்தாள்.

ஞாயிறு காலை கட்டிலை விட்டு இறங்கியபோது கால்கள் மடிந்தன. நெஞ்சு தவறித் தவறி அடித்தது. மிதுனா அயலவரைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடனடியாக இயந்திரத்தில் போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

மத்தியானம் தமக்கை கண் திறந்ததும், மிதுனா கோபத்தை அடக்க முடியாமல் கேட்டாள்.

"படிச்சுக் குடுக்கிற ஆள் நீங்கள். தெரியாமலோ குடிச்சனீங்கள்?"

"தெரிஞ்சுதான்."

"ஏன் அக்கா?"

"அண்ணா தை மாசம் வந்திடுவார்தானே எண்டு நினைச்சன். இன்னும் கொஞ்ச நாள்தானே, ஒருக்காக் குடிச்சா என்ன எண்டு..."

மிதுனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா வரேல்ல அக்கா. ரெண்டு மாசத்துக்கு முந்தியே சொல்லிப்போட்டார். அண்ணி விடமாட்டாவாம். உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான்."

உஷாந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இனிக் கிழமைக்கு மூன்று நாள் வரவேண்டும் என்றார் டொக்டர். மூன்றாவது நாள் சனிக்கிழமைக் காலை. நோய் வந்தபின் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே வகுப்பு அந்த நேரத்தில்தான்.

திங்கட்கிழமை பஸீஹா தன் சிகிச்சைக்கு வந்தவள், நேரே இவள் கட்டிலடிக்கு வந்தாள்.

"எல்லாரும் உங்கட படத்தத்தான் சொன்ன, டீச்சர். பாக்கக்குள்ளயே வாய் ஊறுது. நீங்கதான் பர்ஸ்ட்."

"அப்பிடியோ?" என்றாள் உஷாந்தி. சிரிக்கப் பார்த்தாள், உதடு வெடித்திருந்ததால் எரிந்தது.

வீடு திரும்பிய பிறகு மாணவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தாள். ஒரு தாய் விடாமல் கேட்டார்.

"திரும்ப எப்ப தொடங்குவீங்கள் டீச்சர்? பிள்ளைக்கு இந்த வருசம் சோதினை எல்லே?"

"ஹெவ்லொக் டவுனில ஒரு சேர் இருக்கிறார், நல்லாப் படிப்பிப்பார்" என்றாள் உஷாந்தி. "நம்பரைச் சொல்லுறன், எழுதுங்கோ."