அத்தை சொன்ன ‘அவுக’

“…அங்கன மட்டும் உக்காராதீக அண்ணே, அவுக உக்காந்திருக்காக” என்று அத்தை சொல்லச் சொல்ல, அப்பா பெஞ்சில் அவள் பக்கத்தில் அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தார். வாசலில் வேன் வந்து நின்றிருந்தது. அத்தையின் துணிப்பை ஏற்கெனவே அதில் ஏறியிருந்தது. அவளை ஏற்றுவதுதான் பாக்கி.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு கடலுக்கு அவ்வளவு பக்கம். கச்சான் காற்று சட்டென்று விழுந்துபோன மத்தியானம் அது. பனையோலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில் அத்தை அப்படிச் சொன்னதும் நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

எங்கள் கரையில் கட்டிக்கொண்டவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ‘அவுக’ என்பாள். ‘அவுக வந்துட்டாக’, ‘அவுகளுக்குக் காய்ச்சல்’. ஒரு வீட்டில் ஒரு பெண் ‘அவுக’ என்றால் யார் என்று எவரும் கேட்பதில்லை, கேட்டால்தான் சிரிப்பார்கள். மாமா வடகடலுக்குப் போய், வள்ளம் மட்டும் கரை சேர்ந்து, உடல்கூடக் கிடைக்காமல் போனபிறகு, பிள்ளை குட்டி இல்லாத அத்தை எங்களோடு வந்து இருந்தாள். கொஞ்ச நாள் பேசவே இல்லை. பிறகு பேசினாள். பேசிய முதல் பேச்சே, “அவுக எங்கூடத்தான் இருக்காக” என்பது.

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. அத்தை வாசற்படியில் ஒதுங்கி நிற்பாள், யாரோ முதலில் போகட்டும் என்பதுபோல. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சிரிப்பாள், பக்கத்தில் யாரோ வேடிக்கை சொன்ன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை பார்க்கும்போதும் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவாள். அத்தை படுக்கும் அறையில் கடல் வாடை அடிக்கிறது என்று அம்மா சத்தியம் பண்ணினாள். கருவாடு காயும் வீட்டில் வேறென்ன வாடை அடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. செத்த மாமா வந்து குந்தியிருக்கிறார் என்று ஆளாளுக்கு நம்பிவிட்டோம். நான் சுவரோரமாகவே நடக்கப் பழகினேன், மாமாவின் மேல் இடித்துவிடக் கூடாதே என்று.

பேய் பிடித்தவர்களைச் சங்கிலி போட்டு வைத்து ஜெபிக்கிற கோயில் ஒன்று தூரத்தில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். குணமாகிறவரை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டுமாம். சிலர் திரும்புவதில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். தங்கச்சியை அங்கே விட அப்பாவுக்கு மனசில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை. அப்படித்தான் அந்த வேன் வந்தது.

அப்பா நயமாகப் பேசி அவள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அத்தை முரண்டு பிடிக்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது. எனக்கு அவள் போய்விடுவாளே என்று இருந்தது. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை இப்போதாவது கேட்டுவிட வேண்டும்.

“அத்த, மாமா ரொம்ப நனஞ்சு போயா இருக்காக?”

அத்தை என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “மாமாவா? ஒன் மாமா கடலோட போயாச்சுடி. அது எனக்குத் தெரியாதா?”

“அப்ப இங்கன யாரு இருக்கா?”

“இவுகளா? ஆண்டவருடி.” பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். “அன்னைக்கு வள்ளம் மட்டும் வந்தப்ப, எல்லாரும் அழுதுட்டு வீட்டுக்குப் போனீக. இவுக போகல.”

அப்பா நெருப்பில் உட்கார்ந்தவர்போல் துள்ளி எழுந்தார்.

அந்திக்கு அந்தி சுவரில் சிவப்பு பல்பு எரியும் ஆண்டவர் படத்துக்குக் கீழே முழங்கால் போட்டு, ‘ஆண்டவரே, எங்கள் வீட்டுக்கு வாரும், எங்களோடு தங்கும்’ என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அப்பாதான். நாங்களும் பின்னாலேயே சொல்லுவோம். வந்துவிட்டார் என்றால் என்ன செய்வது என்று எங்களில் எவரும் யோசித்ததில்லை.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அம்மா போய்ப் பையை இறக்கிக்கொண்டு வந்தாள். பேய் இல்லை என்று ஆனபிறகு வீட்டில் பயம் விட்டுப்போகும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் செத்த மனுஷன் இருக்கிறான் என்று நம்பியே அந்த இடத்தில் துணிந்து உட்கார்ந்த அப்பா, இப்போது செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். ஏன் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.

அத்தை எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முதுகுச் சாய்மானம் இல்லாத அந்தப் பெஞ்சில், காலியாக இருந்த பக்கம் மெல்லத் தலையைச் சாய்த்தாள். தலை சரியவில்லை. அப்படியே கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.