எந்தச் சித்தி?

குண்டசாலை பஸ் தரிப்பிடத்தில் வைத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. எனக்குப் பதினொரு வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் சமைத்துப் போட, பன்வில தோட்டத்திலிருந்து அம்மாவின் தங்கை வந்து வீட்டோடு இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா என் புத்தகப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி விசாரித்தார்: "ஏன் புள்ள, ஒங்க வீட்டுல இருக்காங்களே சித்தி, அவங்க அம்மாகூடப் பொறந்த சித்தியா, அப்பா கட்டிக்கிட்ட சித்தியா?"

தாயின் தங்கைக்கும் தகப்பனின் இரண்டாம் தாரத்துக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை. அன்று பின்னேரம் சித்தி தேங்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தார். வாய் நிறையத் தின்றுகொண்டே அவரை உளவு பார்க்கத் தொடங்கினேன். அப்பாவின் தேத்தண்ணீருக்கு மட்டும் ஏன் இஞ்சி? கண்டிப் புடவைக்கடையில் வேலை முடிந்து வரும் அப்பா, செருப்பைக் கழற்றுமுன் ஏன் குசினி அடுப்படிப் பக்கம் பார்க்கிறார்? சித்தி ஏன் அப்படியே அம்மாவைப் போலச் சிரிக்கிறார்? அக்காவும் தங்கையும் ஒரே மாதிரிச் சிரிப்பார்கள் என்ற சாதாரண விஷயம்கூட என் மூளைக்கு எட்டவில்லை.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். அந்த வெள்ளி நான் போனை வாங்கிச் சொன்னேன்: "அம்மா, சித்தி அப்பாவோட அலுமாரியிலதான் உடுப்பு வைக்கிறாங்க." அது பொய்யில்லை. ஆனால் சித்தி முதலில் என் அலுமாரியில்தான் வைத்தார், நான்தான் அவற்றை அள்ளி வெளியே போட்டேன், வேறு இடமில்லாமல் அப்பா ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தார் என்பதையெல்லாம் சொல்லவில்லை. அம்மா, "அவகிட்ட போனக் குடு" என்றார். சித்தி "இல்லக்கா, இல்லக்கா" என்று இரண்டு தடவை சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு முன்பே அவர் பன்வில பஸ் ஏறிவிட்டார். அப்பா தடுக்கவில்லை. குற்றம் உள்ளவர் என்பதால்தான் பேசாமல் இருக்கிறார் என்று அன்று நினைத்தேன். வாயைத் திறந்தால் இன்னும் மோசமாகும் என்று பயந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றும் எதையும் சந்தேகிப்பதே என் குணம். என் கணவர் அரை மணித்தியாலம் பிந்தி வந்தாலும், ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பேன்.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து இவள் ஏன் திடீரென்று திரும்பி வந்தாள் என்று பன்வில தோட்டத்து லயக் குடியிருப்பு முழுவதும் சித்தியைப் பற்றிப் பேச்சானது. அவருக்கு ஹேவாஹெட்டவில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. சித்திக்குக் கடைசிவரை கல்யாணம் நடக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் அவரை அழைக்க அம்மா விடவில்லை. குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் துணை என்று கோயிலில் சாமியார் சொல்வார். எங்கள் வீட்டில் அது ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருக்கும் ஏற்பாடாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. போன மாதம், என் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள் விருந்துக்குச் சித்தியை அழைக்க நானே பன்விலவுக்குப் போனேன். அலுமாரி விஷயத்தை அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். "நீ பாத்தத்தானே புள்ள சொன்ன," என்றார் சித்தி. அவ்வளவுதான்.

சித்தி வந்தார். சாப்பாட்டு நேரத்தில் என் மாமியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாகத்தான் கேட்டார்: "நீங்க எங்க மருமகளுக்கு என்ன மொறை வேணும்?"

சித்தி என்னைப் பார்த்தார். "மொறையெல்லாம் இல்லீங்க. தோட்டத்துல தெரிஞ்சவங்க," என்றார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். சித்தி என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பாரோ என்ற பயத்தில், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.