எடைக் கொட்டகையில் ஒரு வகுப்பு

ஆன்லைன் பாடம் தயாரிக்கிற நாமெல்லாம், மாணவர் முகத்தைப் பார்க்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி வயிறு வளர்ப்பவர்கள். உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரியும் என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

தேயிலை விலை படுத்திருந்த சமயம். நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அங்கே கொழுந்து பறிக்கும் மேரியக்காவும் இன்னும் சில பெண்களும் எங்கள் நோயாளி பராமரிப்புப் பாடத்தில் போன் வழியாகச் சேர்ந்தார்கள். மாதக் கடைசிக்குள் பாஸானால் குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. ஒருத்தரையும் விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வணக்கம்

முதல் வீடியோ இருபது நிமிடம். பின்னணி இசை, என் சிரிப்பு, வரவேற்புரை எல்லாம் உண்டு. ஒருவரும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து மேரியக்காவுக்குப் போன் போட்டேன். எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது கொழுந்து எடை போடும் கொட்டகையில் மட்டும்தானாம். அங்கே வரிசையில் நிற்கும் நேரம்தான் படிக்கும் நேரம். "நீங்க வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கூடையை எடை போட்டாச்சுங்க, டீச்சர்."

விரல்

வீடியோவை மூன்று மூன்று நிமிடமாக வெட்டினேன். வணக்கத்தை ஒழித்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் வாரக் கேள்விகளில் மேரியக்காவுக்கு முட்டை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் மாறி மாறி நேரிலேயே போய்விட்டேன்.

என் எதிரில் சரியான விடையைத்தான் அழுத்தினார். போன் அசையவில்லை. விரலை மடக்கிக் கணுவால் அழுத்தினார். பக்கத்து விடை பதிந்தது. அதற்குள் நேரமும் முடிந்தது. பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல் நுனியை அந்தப் போன் விரல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. நானோ ஆபீசில் என் விரலால் சோதித்துவிட்டு 'சரி' போட்டவள். வெட்கமாக இருந்தது. மேரியக்கா என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கைக்குழந்தை கையாட்டம் இருக்குதுங்க. இதை வச்சுப் பார்த்தா எப்படிங்க தெரியும்?"

அரைப் பேர்

பொத்தான்களைப் பெரிதாக்கினேன். கேள்விக்கு வைத்திருந்த நேரக் கெடுவை எடுத்துவிட்டேன். மிச்சம் இறுதித் தேர்வு. பத்துக் கேள்வியில் ஒன்று தப்பானாலும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. மேரியக்கா மூன்று முறை ஒன்பதில் நின்றார். மாதம் முடிய இரண்டே நாள்.

அவருடைய பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சில் முழு நாள் கூலிக்குப் 'பேர்', பாதிக்கு 'அரைப் பேர்'. போனில் அவர் குரல் உடைந்திருந்தது. "கொழுந்து கொறஞ்சாக்கூட அரைப் பேரு போடுவாங்க. உங்க போனு பறிச்சதையெல்லாம் கொட்டிட்டு வெறுங்கூடையோட அனுப்புதுங்களே, டீச்சர்!"

கடைசி நாள்

அன்றே மேலாளரிடம் போய் உட்கார்ந்தேன். தரம் கெட்டுவிடும் என்றார். தெரிந்த ஒன்பதை மறுபடி மறுபடி கேட்பதில் என்ன தரம் என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளும்வரை எழுந்திருக்கவில்லை. தப்பான கேள்விக்குரிய பாடத்தைக் காட்டி, அதை மட்டும் மறுபடி கேட்கும்படி மாற்றினோம்.

கடைசி நாள் மத்தியானம் கொட்டகையிலிருந்து போன். நான் அழுதுவிட்டேன், அவர் அழவில்லை. "முழுப் பேரு விழுந்துருச்சுங்க, டீச்சர். ஊட்டுக்குப் போயி கூடையைக் கழுவிக் கவுத்து வைக்கணும்."

எங்கள் கம்பெனி இப்போது அந்த முறையைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று போகிற இடமெல்லாம் காட்டிக்கொள்கிறது, நானும் பக்கத்தில் நின்று பவ்யமாகத் தலையாட்டுகிறேன்.